ரோம்னி மார்ஷில் நான்கு தேவாலயங்கள்: முதல்முறை நடப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் பழைய கிராமத் தேவாலயங்களைத் தொட்டுத் தொட்டு நடக்க வழிகளுக்குப் பஞ்சமில்லை. இதுவரை அப்படி நடந்து பார்க்காதவர்கள் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் நான் சொல்வது தென்கிழக்கில் உள்ள கென்ட் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் கிடக்கும் ரோம்னி மார்ஷ் என்ற தாழ்நிலம். ஏற்ற இறக்கம் கிடையாது. ஊருக்கும் ஊருக்கும் இடையே இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ரயிலில் போய் இறங்கி, ஒரு வட்டம் சுற்றி, அதே ஸ்டேஷனில் ஏறித் திரும்பிவிடலாம், கார் தேவையில்லை. வழியில் நான்கு தேவாலயங்கள் வரும். நான்கும் நான்கு விதம்.

இந்த நிலத்தைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டு போனால் மற்றதெல்லாம் எளிது. இது கடலிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மீட்ட மண். கான்டர்பரி பேராயர்களும் மடங்களும் இடைக்காலத்தில் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, உப்புத் தண்ணீரை வெளியேற்றி மேய்ச்சல் நிலமாக்கினார்கள். 1287இல் வந்த பெரும்புயல் ரோதர் ஆற்றின் போக்கையே மாற்றியது. நியூ ரோம்னியில் கடலைச் சேர்ந்துகொண்டிருந்த ஆறு, ரை என்ற ஊர்ப்பக்கம் திரும்பிவிட்டது. துறைமுகமாக இருந்த ஊர் ஒரே நாளில் உள்நாட்டு ஊராயிற்று. இன்றும் இந்த நிலம் கடல் ஏற்றத்தில் நீர் எழும் மட்டத்தை ஒட்டியோ அதற்குத் தாழ்வாகவோதான் கிடக்கிறது. வயலுக்கு வயல் வாய்க்கால் ஓடுகிறது.

அதனால் இங்கே பாதையைத் தீர்மானிப்பது தண்ணீர். தேவாலயங்கள் ஏன் இப்படிச் சாய்ந்தும், தனித்தும், ஆளில்லாமலும் நிற்கின்றன என்று கேட்டால் அதற்கும் பெரும்பாலும் தண்ணீர்தான் பதில். நடக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

பாதை சுருக்கமாக

ஆப்பிள்டோர் ஸ்டேஷன், ஃபேர்ஃபீல்ட், புரூக்லாண்ட், பிரென்செட், ஸ்னார்கேட், மறுபடி ஆப்பிள்டோர் ஸ்டேஷன். வளைவுகளையும் சேர்த்தால் சுமார் 15 கிலோமீட்டர். நடைக்கு மட்டும் நான்கு மணி நேரம் வையுங்கள். தேவாலயங்களுக்குள் செலவிடும் நேரத்தையும் சாப்பாட்டையும் சேர்த்தால் ஆறரை, ஏழு மணி நேரம் ஆகிவிடும். இதைவிடக் குறைத்துத் திட்டமிட்டால் கடைசி இரண்டு ஆலயங்களையும் கதவோடு பார்த்துவிட்டு ஓட வேண்டியதுதான்.

வரிசையை மாற்றாமல் இப்படியே போவது நல்லது. ஃபேர்ஃபீல்ட் வயல் நடுவே இருக்கிறது. கால் புதிதாக இருக்கும் காலையில் அதை முடித்துவிடலாம். நான்கில் பார்க்க அதிகம் உள்ள புரூக்லாண்ட் நடுப்பகலில் வரும். ஸ்னார்கேட்டிலிருந்து ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர்தான். நேரமாகிவிட்டாலும் அந்தக் கடைசித் துண்டில் வழி தவறாது.

முதலில் வரைபடம்

பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்புளோரர் வரிசையில் 125ஆம் எண் வரைபடம் இந்தப் பகுதிக்கானது. அளவு 1:25,000, அதாவது நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். தாளாகவும் வாங்கலாம், அவர்களுடைய செயலியிலும் பார்க்கலாம். செயலியில் பார்ப்பவர்கள் வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வயல் நடுவே சிக்னல் எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. கூகுள் வரைபடத்தை மட்டும் நம்பி இந்த நடைக்கு வராதீர்கள். வயல்வெளிப் பாதைகள் பலவற்றை அது காட்டாது, வாய்க்கால்களைக் காட்டினாலும் அவற்றின் மேலுள்ள பாலங்களைக் காட்டாது.

எக்ஸ்புளோரர் வரைபடத்தில் பச்சை நிறக் கோடுகளைத் தேடுங்கள். சிறிய பச்சைக் கோட்டுத்துண்டுகள் பொது நடைபாதை. நீளமான துண்டுகள் குதிரையும் சைக்கிளும் போகலாம் என்ற பாதை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தப் பாதைகளில் நடப்பது சட்டம் தந்த உரிமை. நிலம் தனியாருடையதாக இருந்தாலும் பாதை பொதுவானது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அந்த உரிமை பாதைக்கு மட்டும்தான். பக்கத்து வயலில் குறுக்கே இறங்கினால் அது அத்துமீறல். தரையில் கம்பங்களிலும் கேட்டுகளிலும் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடைபாதை, நீலம் இருந்தால் குதிரைப்பாதை.

தேவாலயங்களுக்கும் வரைபடத்தில் தனிக் குறிகள் உண்டு. கறுப்புச் சதுரத்தின் மேல் சிலுவை என்றால் கோபுரம் உள்ள ஆலயம். கறுப்பு வட்டத்தின் மேல் சிலுவை என்றால் கூம்பு உள்ளது. வெறும் சிலுவை என்றால் இரண்டும் இல்லை. சமவெளியில் இந்தக் குறி நிஜமாகவே கைகொடுக்கும். தூரத்தில் தெரியும் கோபுரம் எது என்று வரைபடத்தோடு ஒப்பிட்டால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

இனி, இந்த நிலத்துக்கே உரிய பாடம். இங்கே கண்ணுக்குத் தெரியும் தேவாலயத்தை நோக்கி நேராக நடக்கக் கூடாது. முந்நூறு மீட்டரில் ஆலயம் நிற்கும். நடுவே மூன்று மீட்டர் அகல வாய்க்கால், இரண்டு பக்கமும் நாணல், அடியில் சேறு. தாண்ட முடியாது. பாலம் இருக்கும் இடம் வரை திரும்பி வந்தால் முக்கால் மணி நேரம் போய்விடும். ஆகவே கிளம்புவதற்கு முந்தின இரவு வரைபடத்தை விரித்து, பச்சைப் பாதை நீலக்கோட்டை வெட்டும் இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். அவைதான் பாலங்கள், சில இடங்களில் பலகை அளவே இருக்கும், புல் மூடியிருக்கும். பாலத்திலிருந்து பாலத்துக்கு நடப்பது என்று மனதில் வைத்துக்கொண்டால் வழி தவறவே தவறாது. வரைபடத்தில் சில பெரிய வாய்க்கால்களுக்கு 'சூவர்' என்று பெயர் போட்டிருக்கும். சாக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அது வயல் நீரை வடிக்கும் கால்வாய்.

கிளம்பும் முன்

எனக்குப் பிடித்த மாதங்கள் மே, ஜூன், செப்டம்பர். ஏப்ரலிலும் அழகுதான், குட்டிகளோடு ஆடுகள் வயலெங்கும் நிற்கும். ஆனால் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது சரியான காலமல்ல. ஜூலை, ஆகஸ்டில் நிழலே இராது. இந்த 15 கிலோமீட்டரில் மரத்தடி என்று சொல்லக்கூடிய இடங்கள் சிலதான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை களிமண் பூட்ஸைப் பிடித்து இழுக்கும், டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டும். முதல் நடைக்கு அந்த மாதங்கள் வேண்டாம்.

காற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தடுப்பதற்கு ஒரு மேடுகூட இல்லாததால் கடற்காற்று நேராக வந்து மோதும். லண்டனில் சட்டையோடு போதும் என்று தோன்றுகிற நாளிலும் காற்றுப்புகாத ஒரு மேலுடை பையில் இருக்கட்டும். காலுக்கு, கணுக்காலை மூடும் நீர்புகாத பூட்ஸ். வெயில் நாளிலும் காலைப்பனியில் புல் நனைந்து முழங்கால் வரை ஈரமாகும். மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கால் சட்டைதான் நல்லது. உயர்ந்த புல்லில் உண்ணிகள் இருக்கும். அவை கடித்தால் லைம் நோய் வரும் வாய்ப்பு உண்டு. வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். வழியில் பப்கள் இருக்கின்றன; ஆனால் கிராமத்து பப் எந்த நாளில், எந்த நேரத்தில் சமையலறையைத் திறக்கும் என்பது முன்கூட்டிக் கேட்காமல் தெரியாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஆப்பிள்டோர் ஸ்டேஷனில் ஊழியர்களோ கடையோ இல்லை. கழிவறை வேலையை ஆஷ்ஃபோர்டில் ரயில் மாறும்போதே முடித்துக்கொள்ளுங்கள். பவுண்டு நாணயங்கள் கொஞ்சம் வைத்திருங்கள், காணிக்கைப் பெட்டிக்கு.

ரயில்: லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து அதிவேக ரயிலில் ஆஷ்ஃபோர்ட் இன்டர்நேஷனல் ஏறக்குறைய நாற்பது நிமிடம். அங்கிருந்து ரை, ஹேஸ்டிங்ஸ் பக்கம் போகும் மார்ஷ்லிங்க் தடத்தில் ஆப்பிள்டோர் கால் மணி நேரம். இந்தத் தடத்தில் பொதுவாக மணிக்கு ஒரு வண்டிதான். தவறவிட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் நடைமேடையில் உட்கார வேண்டும். திரும்பும் வண்டிகள் இரண்டின் நேரத்தைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், போனில் மட்டும் வேண்டாம்.

ஆலயங்கள் பகலில் பெரும்பாலும் திறந்திருக்கும் என்றாலும், பழுதுபார்ப்போ திருமணமோ இறுதிச் சடங்கோ இருக்கலாம். இங்கிலாந்து திருச்சபை நடத்தும் 'எ சர்ச் நியர் யூ' தளத்தில் ஊர்ப்பெயரைப் போட்டால் ஆராதனை நேரமும் தொடர்பும் கிடைக்கும். இந்த ஊர்களில் ஒரே ஆயர் பல ஆலயங்களைக் கவனிக்கிறார்; ஞாயிற்றுக்கிழமை எல்லா இடத்திலும் ஆராதனை இருக்காது.

1. ஸ்டேஷனிலிருந்து ஃபேர்ஃபீல்டுக்கு

ஸ்டேஷனில் இறங்கியதும் ஆப்பிள்டோர் ஊரைத் தேடாதீர்கள். அது மேற்கே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. நீங்கள் போக வேண்டியது தெற்கே. வாகனம் குறைந்த சிறு சாலைகளும் வயல்வழிப் பாதைகளும் கலந்த தடம் இது, நான்கு கிலோமீட்டர் சொச்சம். ஓரத்தில் நடைபாதை இல்லாத சாலையில் வலது பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். குருட்டு வளைவில் மட்டும் மறுபக்கம் மாறிக்கொள்ளலாம்.

ஃபேர்ஃபீல்டில் ஊர் இல்லை. சில பண்ணை வீடுகள், வயல், வாய்க்கால், நடுவே புனித தாமஸ் பெக்கெட் ஆலயம் மட்டும். மதில் கிடையாது, ஆடுகள் சுவரோரம் வரை மேயும். சாலையிலிருந்து ஒரு மேட்டுப்பாதை ஆலயத்துக்குப் போகிறது. அந்தப் பாதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்டது. அதற்கு முன்பு மழைக்காலத்தில் மக்கள் குதிரையிலோ படகிலோதான் ஆராதனைக்கு வந்தார்கள்.

வெளியே பார்த்தால் சின்னச் செங்கல் கட்டடம். உள்ளே போனதும் தலைக்குமேல் கனத்த மரச்சட்டங்கள். இடைக்காலத்து மரக்கட்டடத்துக்கு 18ஆம் நூற்றாண்டில் செங்கல்லால் வெளிச்சுவர் எழுப்பினார்கள். 1912-13இல் கட்டடக்கலைஞர் டபிள்யூ. டி. கேரோ அதைச் செப்பனிட்டார். கல்லில் பெரிதாகக் கட்டாததற்கு இந்த நிலமே காரணம் என்று உள்ளே நின்றால் புரியும். கதவு வைத்த வெள்ளைப் பெட்டி இருக்கைகளும், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குப் பிரசங்க மேடையும் அப்படியே இருக்கின்றன. கீழடுக்கில் எழுத்தர், நடுவில் வாசிப்பு, மேலே பிரசங்கம். திருமுழுக்குத் தொட்டியை ஒரு சுற்று சுற்றி விளிம்புகளை எண்ணிப் பாருங்கள், ஏழு வரும். எட்டுப் பக்கம்தான் வழக்கம்.

சாவி விஷயம்: இந்த ஆலயத்தின் பெரிய சாவி பக்கத்துப் பண்ணை வீட்டின் வெளிச்சுவரில் தொங்கும், எடுத்துத் திறந்து, பூட்டித் திரும்ப மாட்ட வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். கதவு பூட்டியிருந்தால் அங்கே ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படியுங்கள். சாவியை எடுத்தவர் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால் அன்று வருகிற எல்லோருக்கும் கதவு அடைபட்டுவிடும், தயவுசெய்து கவனம்.

2. புரூக்லாண்டில் நிறைய நேரம்

அடுத்து கிழக்கே இரண்டரை, மூன்று கிலோமீட்டர். இந்தத் துண்டில்தான் பென்சில் வட்டங்கள் வேலை செய்யும். புரூக்லாண்டில் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மற்றவற்றில் கிடைக்கும் நேரத்தைக் குறைத்தாவது இங்கே இருங்கள் என்பேன்.

புனித அகஸ்டின் ஆலயத்தின் மணிக்கூண்டு ஆலயத்தின் மேல் இல்லை. பக்கத்தில் தரையிலிருந்து தனியாக எழுந்து நிற்கிறது. மரச்செதில்கள் போர்த்த மூன்று கூம்புகள், ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்தது போல. மணிகளின் கனத்தையும் அவை ஆடும் அதிர்வையும் இந்த ஈரமண்ணில் நிற்கும் சுவர் தாங்காது என்பதால் பிரித்து வைத்தார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் விளக்கம். உள்ளே போய்த் தூண்களைப் பார்த்தால் அதை நம்பத் தோன்றும். நடுக்கூடத்தின் இரு பக்கத் தூண்களும் வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கின்றன. மேற்குக் கோடியில் நின்று கிழக்கே பார்த்தால் சாய்வு தெளிவாகத் தெரியும்.

நம்மவர்கள் நிச்சயம் நின்று பார்க்க வேண்டியது ஈயத்தாலான திருமுழுக்குத் தொட்டி. 12ஆம் நூற்றாண்டுப் பொருள். இங்கிலாந்து முழுவதும் ஈயத் தொட்டிகள் முப்பது சொச்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. இதன் மேல்வரிசையில் பன்னிரண்டு ராசிகள். கீழ்வரிசையில் மாதத்துக்கு ஒரு வேலை. புல் அறுப்பவர், கதிர் அறுப்பவர், தாள் அடிப்பவர், குளிரில் நெருப்பருகே உட்கார்ந்திருப்பவர். மேஷம், ரிஷபம், மிதுனம் என்று நாம் சிறு வயதிலிருந்து நாட்காட்டியில் பார்த்த அதே வரிசை எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலக் கிராமத்துத் தொட்டியில் சுற்றி வருகிறது. ராசிகளின் பெயர் லத்தீனில், மாதங்களின் பெயர் நார்மன் பிரெஞ்சில். குழந்தைகளோடு போனால் அவரவர் ராசியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதன் கீழே அந்த மாதத்து வேலை என்ன என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்து மங்கல்தான். கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் உருவங்கள் எழும்பி வரும். விரலால் தொடாதீர்கள், ஈயம் மென்மையான உலோகம்.

தெற்குப் பக்கக் கூடத்தின் கிழக்கு மூலையில் 1964இல் சுண்ணாம்புப் பூச்சுக்குக் கீழிருந்து வெளிப்பட்ட சுவரோவியம் இருக்கிறது: பேராயர் தாமஸ் பெக்கெட் கொலையாகும் காட்சி. 1170 டிசம்பர் 29 அன்று கான்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே நான்கு வீரர்கள் அவரை வெட்டிக் கொன்றார்கள். காலையில் பார்த்த ஃபேர்ஃபீல்ட் ஆலயம் அவர் பெயரில் இருப்பது இங்கே வந்ததும் இன்னும் பொருள்படும். அந்தக் காலத்தில் இந்த நிலத்தின் பெரும்பகுதிக்குக் கான்டர்பரிதான் உரிமையாளர். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுக்க வேண்டும். அதை எடைபோட்ட தராசும் எடைக்கற்களும் இதே ஆலயத்தில் வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். கல்லறைத் தோட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கல்லறைகளின் மேல் உட்காரவோ பையை வைக்கவோ கூடாது, குப்பையைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும்.

3. பிரென்செட்

புரூக்லாண்டிலிருந்து வடகிழக்கே போகும்போது ஒரு எச்சரிக்கை. ஏ259 என்ற வேகமான நெடுஞ்சாலை இரண்டு ஊரையும் இணைக்கிறது. அதுதான் குறுக்கு வழி போலத் தெரியும். அதன் ஓரமாக நடக்காதீர்கள். வயல்வழிப் பாதையைப் பிடியுங்கள். சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் நேர்ப்பார்வை இருக்கும் இடமாகப் பார்த்துச் சட்டென்று கடந்துவிடுங்கள்.

பிரென்செட் ஆலயம் சிறியது, இருபது நிமிடம் போதும். இது புனித ஈன்ஸ்வித் பெயரிலானது. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கென்ட் இளவரசி அவர், ஃபோக்ஸ்டனில் கன்னியர் மடம் அமைத்தவர். ஃபோக்ஸ்டன் ஆலயச் சுவரில் 1885இல் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து, அவை அவருடையவையாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்று 2020இல் அறிவித்தார்கள். பிரென்செட் ஆலயத்துக்குள் அலபாஸ்டர் கல்லில் செதுக்கிய தந்தையும் மகனும் படுத்திருக்கும் 17ஆம் நூற்றாண்டு நினைவுச்சின்னம் இருக்கிறது. நிதானமாக நின்று பாருங்கள்.

4. ஸ்னார்கேட், பிறகு ஸ்டேஷன்

இன்னும் இரண்டு கிலோமீட்டர் வடமேற்கே. ஸ்னார்கேட்டில் இன்றைக்கு வீடுகள் விரல்விட்டு எண்ணுமளவுதான், ஆலயமோ பெரியது. ஏன் இந்த முரண் என்று முதல்முறை வருகிற எல்லோருமே கேட்கிறார்கள். ஒரு காலத்தில் ஆட்டுக் கம்பளி இங்கே பணமாகக் கொட்டியது, கட்டினார்கள். பிறகு 14ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் வந்தது. அதற்குப் பின்னும் தேங்கிய நீரில் பெருகிய கொசுக்கள் மலேரியாவைப் பரப்பின. 'ஏகியூ' என்று சொன்ன அந்தக் காய்ச்சலுக்கு 18ஆம் நூற்றாண்டு வரைகூட இங்கே ஏராளமானவர்கள் பலியானார்கள். வசதியுள்ளவர்கள் மேட்டு நிலத்துக்குக் குடிபோனார்கள். ஆடுகளும் மேய்ப்பவர்களும் ஆலயங்களும் மிஞ்சின.

ஆளில்லாத ஊரும் கடலோரமும் சேர்ந்தால் கடத்தலுக்கு வேறென்ன வேண்டும்? கம்பளி திருட்டுத்தனமாக பிரான்சுக்குப் போயிற்று; பிராந்தி, தேயிலை, புகையிலை உள்ளே வந்தன. 1821 பிப்ரவரியில் கடத்தல்காரர்களும் கடலோரக் காவலர்களும் மோதிய சண்டைக்குப் புரூக்லாண்ட் சண்டை என்றே பெயர். மத்தியானம் நீங்கள் சாப்பிட்ட அதே ஊர்தான். ஸ்னார்கேட் புனித டன்ஸ்டன் ஆலயத்தில், 1743இல் சுங்க அதிகாரிகள் மணிக்கோபுரத்திலிருந்து புகையிலையைக் கைப்பற்றியதாகச் சொல்வார்கள். உள்ளே நுழைந்ததும் எதிரே வடக்குச் சுவரைப் பாருங்கள். செம்மண் நிறத்தில் ஒரு பெரிய கப்பல் தீட்டியிருக்கிறது, 1500ஐ ஒட்டிய காலத்து ஓவியம். சரக்கைப் பத்திரமாக வைக்கலாம் என்பதற்கான அடையாளம் அது என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடலை நம்பிப் பிழைத்த ஊர்க்காரர்கள் தங்கள் ஆலயத்தில் கப்பலைத் தீட்ட வேறு காரணம் வேண்டுமா என்ன. பாய்மரக் கயிறுகளை அவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறார் அந்த ஓவியர்.

இங்கிருந்து ஸ்டேஷனுக்கு பி2080 சாலை போகிறது. நியூ ரோம்னித் துறைமுகம் வண்டல் மூடாமல் இருக்க 13ஆம் நூற்றாண்டில் ஆப்பிள்டோரிலிருந்து வெட்டிய ரீ வால் என்ற நீர்வழியின் தடத்தில்தான் இந்தச் சாலை ஓடுகிறது. சுற்றியுள்ள நிலத்தைவிடச் சற்று உயர்ந்திருப்பதைக் கவனிக்கலாம். வண்டிகள் வரும் சாலை என்பதால் வெளிர்நிற உடை அல்லது ஒளிப்பட்டை நல்லது, மாலையானால் கைவிளக்கு.

கதவைத் திறப்பதிலிருந்து காணிக்கை வரை

கனத்த ஓக் கதவு, இரும்பு வளையம். இழுத்துப் பார்த்துவிட்டுப் பூட்டியிருக்கிறது என்று திரும்புகிறவர்கள் பலர். வளையத்தை வலப்பக்கம் திருப்பித் தள்ளுங்கள்; வரவில்லையென்றால் இடப்பக்கம் திருப்பித் தள்ளுங்கள். கொஞ்சம் தோள் கொடுக்க வேண்டியிருக்கும். உள்ளே போனதும் கதவைச் சாத்துங்கள், இல்லாவிட்டால் பறவைகள் புகுந்து வெளியே வர வழி தெரியாமல் சாகும்.

செருப்பைக் கழற்றும் வழக்கம் இங்கே இல்லை. ஆனால் சேற்றுப் பூட்ஸோடு போனால், யாரோ ஒரு வயதான தன்னார்வலர் மறுநாள் மண்டியிட்டுத் துடைக்க வேண்டியிருக்கும். முகமண்டபத்தில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு சாக்ஸோடு உள்ளே போங்கள். நான் எப்போதும் அப்படித்தான். தலையை மூட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எந்த மதத்தவரும் உள்ளே போகலாம், சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஆராதனை நடந்தால் முடியும்வரை வெளியே காத்திருங்கள், அல்லது கடைசி வரிசையில் கலந்துகொள்ளுங்கள். ஆள் இல்லாதபோது படம் எடுக்கத் தடை பெரும்பாலும் இல்லை.

நுழைவுக்கட்டணம் கிடையாது. ஆனால் பத்து இருபது பேர் வரும் சபைகள் எழுநூறு, எண்ணூறு வருடக் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. 1982இல் தொடங்கிய ரோம்னி மார்ஷ் வரலாற்றுத் தேவாலயங்கள் அறக்கட்டளை பழுதுபார்ப்புக்கு உதவுகிறது, அது போதாது. ஆலயத்துக்கு இரண்டு மூன்று பவுண்டாவது போடுங்கள். வருகையேட்டில் ஊரும் பெயரும் எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். எத்தனை பேர் வருகிறார்கள் என்ற அந்தக் கணக்கு நிதி கேட்கும்போது அவர்களுக்கு உதவும்.

ஆடு, மாடு, கேட்

கேட் எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். மூடியிருந்தால் மூடுங்கள், வேண்டுமென்றே திறந்து கட்டியிருந்தால் திறந்தே இருக்கட்டும், ஆடுகள் தண்ணீருக்குப் போக விட்டிருப்பார்கள். வேலியில் ஏறித் தாண்ட ஸ்டைல் என்ற மரப்படி இருக்கும்; மழையில் வழுக்கும், முகத்தை வேலிப்பக்கம் வைத்து இறங்குங்கள்.

மாட்டு மந்தையில் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே புகாதீர்கள். சற்றுச் சுற்றிப் போங்கள், ஓடாதீர்கள். நாய் இருந்து மாடுகள் துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாடுகள் துரத்துவது நாயைத்தான், அது ஓடித் தப்பிவிடும். பயிர் நட்ட வயலில் பாதை தெரியாவிட்டால் அம்புக்குறி காட்டும் திசையில் ஒருவர் பின் ஒருவராக நடங்கள்.

ஓர் ஆடு முதுகு கீழே, கால்கள் மேலே என்று கிடப்பதைப் பார்த்தால் கடந்து போகாதீர்கள். ரோம்னி இன ஆடுகள் கனமானவை. கம்பளி நனைந்தாலோ சினையாக இருந்தாலோ புரண்டால் எழ முடியாது, வயிற்றில் காற்று அடைத்துச் சில மணி நேரத்தில் செத்துவிடும். பக்கவாட்டில் நின்று கம்பளியை நன்றாகப் பிடித்துப் புரட்டி நிறுத்துங்கள். உடனே விட்டால் மறுபடி விழும். கால் ஊன்றும்வரை ஒரு நிமிடம் தாங்கிப் பிடியுங்கள். அவசரம் என்றால் 999. இருக்கும் இடத்தைச் சொல்ல வரைபடத்தின் கட்ட எண் உதவும். அதைப் படிக்கும் முறை வரைபடத்தின் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும்.

இன்னொரு நாள் கிடைத்தால்

மார்ஷில் இடைக்கால ஆலயங்கள் மொத்தம் பதினான்கு நிற்கின்றன, சிலவற்றின் இடிபாடுகள் தனி. அடுத்த முறை பிரென்செட்டிலிருந்து கிழக்கே ஐவிசர்ச் போங்கள். மழையில் கல்லறையருகே ஆயர் நனையாமல் நிற்க, நின்றுகொள்ளும் அளவில் ஒரு மரக்கூண்டு அங்கே இருக்கிறது. ஓல்டு ரோம்னியின் பெட்டி இருக்கைகள் ரோஜா நிறம். 1963இல் ஒரு படப்பிடிப்புக்காகப் பூசியதை ஊர்க்காரர்கள் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார்கள். நியூ ரோம்னி புனித நிக்கலஸ் ஆலயத்தில் 1287 வெள்ளம் கொண்டுவந்த மண்ணால் வெளித்தரை உயர்ந்துவிட்டது, கதவுக்குப் படியிறங்கித்தான் போக வேண்டும். உள்ளே தூண்களில் வெள்ளம் நின்ற கறை. அந்தப் பக்கம் முதன்மை ரயில் தடத்தின் நிலையம் இல்லாததால் திரும்பி வரப் பேருந்து நேரத்தை முன்கூட்டியே பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது.